புது 6வி6 போட்டதும் ஒரு பிளேட் சிவக்கிறது: பயஸைப் பாதுகாப்பாக அளந்து சரிசெய்வது எப்படி

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது ஃபெண்டர் 65 டீலக்ஸ் ரிவர்ப் மறுபதிப்பு. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்ப். இங்கே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறீர்கள். பழைய பவர் டியூபுகளைக் கழற்றிவிட்டு ஒரு ஜோடி புது 6வி6 போட்டீர்கள். விளக்கை அணைத்துப் பார்த்தால் இரண்டில் ஒன்றின் பிளேட் லேசாகச் சிவக்கிறது. கையில் மல்டிமீட்டர் இருக்கிறது. பயஸை, அதாவது ஆம்ப் சும்மா இருக்கும்போது பவர் டியூபில் ஓடும் கரண்டின் அளவை, நானே வைக்கலாமா, பிளேட் தாங்கும் வாட்டில் எல்லோரும் சொல்கிற 70 சதவீதத்துக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டுமா என்பது கேள்வி.

பிளேட் சிவக்கிற ஆம்பை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். நடுவில் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது இயல்பு. கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய நீல ஒளி தெரிவதும் பெரும்பாலும் தொந்தரவில்லாதது. ஆனால் சாம்பல் நிறத் தகடாக இருக்க வேண்டிய பிளேட்டே மங்கலாகச் சிவந்தால், அந்த டியூப் தாங்கக்கூடியதைவிட அதிகச் சூட்டை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியே விட்டால் டியூப் போகும். அதோடு நின்றால் பரவாயில்லை, சில நேரம் ஸ்க்ரீன் (டியூபின் உள்ளே பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் கம்பிவலை) ரெசிஸ்டரையும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

நீங்களே செய்யலாமா? செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. ஆம்பில் கரண்ட் இருக்கும்போது கையை உள்ளே விடத் தேவையில்லாதபடி வேலையை முதலிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். கிளிப் மாட்டுவது, கழற்றுவது எல்லாம் கெப்பாசிட்டர் காலியான நிலையில். கரண்ட் போட்டபின் மீட்டரைப் படிப்பது மட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு பயஸ் திருகு. அதற்கும் ஒரு கை, ஒரு இன்சுலேட்டட் ஸ்க்ரூடிரைவர் போதும். இந்த ஒழுங்கை முழுசாகக் கடைப்பிடிக்க முடியாது என்று தோன்றினால் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

பயஸ் என்ன செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 6வி6க்கு நடுவில் கேத்தோடு. ஹீட்டர் சூட்டில் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. வெளிச்சுற்றில் பிளேட், 420 வோல்ட் பாசிட்டிவில் அவற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கண்ட்ரோல் கிரிட். அந்த கிரிட்டுக்கு 35 வோல்ட் நெகட்டிவ் கொடுத்தால் பெரும்பாலான எலக்ட்ரான்கள் அங்கேயே திரும்பிவிடும். இருபது சொச்சம் மில்லி ஆம்பியர் மட்டும் பிளேட்டுக்குப் போய்ச் சேரும். நீங்கள் கிதாரைத் தொடாமல் ஆம்ப் சும்மா இருக்கும்போது ஓடுகிற இந்த கரண்ட்டை எவ்வளவில் நிறுத்துவது என்பதுதான் பயஸ் வைப்பது. பைக்கில் மெக்கானிக் ஐட்லிங் திருகைத் திருப்பி வைக்கிறாரே, அதேபோல. கிரிட் எவ்வளவு நெகட்டிவோ அவ்வளவு குறைவான கரண்ட். மைனஸ் 35இலிருந்து மைனஸ் 38க்குப் போனால் டியூப் குளிரும். மைனஸ் 32க்கு வந்தால் சூடேறும்.

ஒரே 6வி6 என்று பெட்டியில் போட்டிருந்தாலும், ஒரே மைனஸ் 35 வோல்ட்டில் ஒரு ஜோடி 18 மில்லி ஆம்பியர் இழுக்கும், இன்னொரு ஜோடி 30 இழுக்கும். அதனால்தான் பவர் டியூப் மாற்றினால் பார்க்கச் சொல்கிறார்கள். 12ஏஎக்ஸ்7 போன்ற ப்ரீஆம்ப் டியூபுகளுக்கும், ஜிஇஸட்34 ரெக்டிஃபையருக்கும் இந்த வேலை கிடையாது, மாற்றிவிட்டு வாசிக்கலாம். வாக்ஸ் ஏசி30, ஃபெண்டரின் பழைய ட்வீட் டீலக்ஸ் போன்ற ஆம்ப்களில் திருகும் கிடையாது. அவற்றில் கேத்தோடுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருக்கும் ரெசிஸ்டரே கரண்ட்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்.

இப்போது பாதுகாப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், தாண்டிப் போய்விடாதீர்கள்.

நம் வீடுகளில் இப்போது ஆர்.சி.சி.பி. இருக்கிறது, ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகிவிடும் என்று பலர் நம்பிக்கொண்டு ஆம்பைத் திறக்கிறார்கள். வாஷிங் மெஷினுக்கு அந்த நம்பிக்கை சரி. டியூப் ஆம்பின் உள்ளே இருக்கும் 420 வோல்ட்டுக்குச் சரியில்லை. ஆர்.சி.சி.பி. பார்ப்பது ஃபேஸில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்ட்டும் சமமா என்பதை மட்டும்தான். ஆம்பின் ஹை வோல்டேஜ், பவர் டிரான்ஸ்ஃபார்மரின் தனிச் சுற்றிலிருந்து வருகிறது. பிளேட்டிலிருந்து உங்கள் கை வழியாகச் சேஸிக்கு (ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு) பாயும் கரண்ட் அந்தத் தனிச் சுற்றுக்குள்ளேயே சுற்றி வந்துவிடும். சுவரில் இருக்கும் பிரேக்கருக்கு எதுவும் தெரியாது. அது ட்ரிப் ஆகாது. ஃப்யூஸும் போகாது, ஏனென்றால் மனிதனைக் கொல்லத் தேவையான கரண்ட் ஃப்யூஸைப் பொறுத்தவரை ஒன்றுமே இல்லை.

அடுத்து கெப்பாசிட்டர். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். 80 மைக்ரோஃபாரட் 420 வோல்ட்டில் இருந்தால் சுமார் 7 ஜூல். பெரிய 100 வாட் ஆம்ப்களில் இன்னும் அதிகம். பல ஆம்ப்களில் இது தானாக வடிந்துவிடும்படி ரெசிஸ்டர் இருக்கும். ஆனால் அந்த ரெசிஸ்டர் உள்ளே அறுந்து திறந்துபோயிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் நாமே காலி செய்து, மீட்டரால் பார்த்து, அதன் பிறகே கையை விட வேண்டும்.

அதற்கு 10 கிலோ ஓம் 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று. இரண்டு பக்கமும் நல்ல தடித்த இன்சுலேஷன் ஒயர், முனையில் ரப்பர் உறை போட்ட முதலைக் கிளிப். ரெசிஸ்டரின் உடம்பு, சால்டர் செய்த இடம் எதுவும் வெளியே தெரியாதபடி ஸ்லீவ் போட்டுவிடுங்கள். செய்முறை இது: ஆம்ப் சூடாக இருக்கும்போதே ஸ்டாண்ட்பை சுவிட்சை (ஹீட்டரை ஓடவிட்டு ஹை வோல்டேஜை மட்டும் நிறுத்தும் சுவிட்ச்) வாசிக்கும் நிலையிலேயே விட்டுவிட்டு பவரை மட்டும் அணையுங்கள். டியூபுகள் ஆறும்வரை அவையே பெருமளவு சார்ஜைக் குடித்துவிடும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தது போதாது. அப்புறம் ஒரு கிளிப்பைச் சேஸியில் மாட்டி, மறு கிளிப்பை, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையில் மாட்டுங்கள். சில வினாடிகளில் வடிந்துவிடும். பிறகு மீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரையும் பாருங்கள், ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். 10 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் வேலை. அப்போதும் கிளிப்பைக் கழற்றாதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்குக் காலி செய்தபின்னும் தானாகவே கொஞ்சம் வோல்டேஜ் ஏறும் குணம் உண்டு.

மறுபடி கரண்ட் போடும் முன் அந்தக் கிளிப்பைக் கழற்றிவிட்டோமா என்று பாருங்கள். 420 வோல்ட்டில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 17 வாட்டுக்கு மேல் சூடாகும், புகைய ஆரம்பித்துவிடும். ஸ்க்ரூடிரைவரை வைத்து டப்பென்று ஷார்ட் செய்கிற பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் நிறைய உண்டு. பொறி பறக்கும், கெப்பாசிட்டரின் உள்ளே அடிபடும், பதறிப்போய்க் கை வேறெங்காவது படும். வேண்டாம்.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது எர்த். கடையில் கிடைக்கும் பல பெட்டிகளில் அவுட்புட் இரண்டு துளை சாக்கெட்தான். ஆம்பின் மூன்று முனை பிளக்கை அடாப்டர் போட்டு அதில் சொருகினால் எர்த் அங்கேயே அறுந்துபோகும். எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, ஆம்பின் சேஸிக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் சுவர் பிளக்கில் உள்ள தடித்த எர்த் பின்னுக்கும் மீட்டரில் கன்டின்யூட்டி பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் பயஸ் பிறகு, முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். கிதார் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் பாடுகிறவருக்கு உதட்டில் ஷாக் அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றவை நீங்கள் அறிந்தவைதான்: மோதிரம், கைச்சங்கிலி, கழுத்துச் செயின் கழற்றிவிட வேண்டும். உலர்ந்த தரை, ரப்பர் செருப்பு. தூக்கமாக இருக்கும்போது செய்யக்கூடாது. வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும், மெயினை எங்கே அணைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 200 ரூபாய் மஞ்சள் மீட்டரிலும் 1000 வோல்ட் என்று எழுதியிருக்கும். எழுத்தை நம்பலாம், அதன் ஒயரை நம்ப முடியாது. அந்த மெல்லிய ஒயரும் கையில் பிடிக்கும் ப்ரோபும் 420 வோல்ட்டுக்கு ஏற்றவை அல்ல. கேட் 3 என்ற பாதுகாப்புத் தரமும், 600 வோல்ட் அல்லது அதற்கு மேலும் குறிப்பிட்ட நல்ல மீட்டரும், அதே தரத்தில் கிளிப் மாட்டக்கூடிய லீடும் வாங்குங்கள். முடிந்தால் இரண்டு மீட்டர், ஒன்று பிளேட் வோல்டேஜுக்கு, ஒன்று மில்லிவோல்ட்டுக்கு. அதோடு, ஒவ்வொரு முறையும் சிவப்பு லீட் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்டேஜ் அளக்கப் போனால் நீங்கள் 420 வோல்ட்டை நேராக ஷார்ட் செய்கிறீர்கள்.

இனி அளவு எடுப்பதற்கு வருவோம். எனக்குப் பிடித்த வழி 1 ஓம் ரெசிஸ்டர். 6வி6, 6எல்6, இஎல்34 எல்லாவற்றுக்கும் 8ஆம் பின்தான் கேத்தோடு. உங்கள் ஆம்ப் வகையில் அது நேராக எர்த்துக்குப் போகிறது. அந்த இணைப்பை எடுத்துவிட்டு நடுவில் 1 ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்தால், அதன் மேல் விழும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். வகுக்க வேண்டாம், பெருக்க வேண்டாம். ஹை வோல்டேஜ் பக்கம் போகாமலே கரண்ட் தெரிந்துவிடும். இரண்டு டியூபுக்கும் தனித்தனியாக ஒன்று.

ரெசிஸ்டர் உண்மையிலேயே 1 ஓம்தானா என்று சாதாரண மீட்டரில் பார்த்தால் 1.2, 1.3 என்று காட்டும். பதற வேண்டாம். லீட் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் 0.2 அல்லது 0.3 காட்டும்; அது லீடின் சொந்த ரெசிஸ்டன்ஸ். கழித்துக்கொள்ளுங்கள்.

சேஸியில் சால்டர் வைக்க மனம் இல்லையென்றால் பயஸ் ப்ரோப் என்று அடாப்டர் கிடைக்கிறது. டியூபுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டுவது. உள்ளே அதே 1 ஓம் ரெசிஸ்டர். பிளேட் வோல்டேஜையும் சேர்த்துக் காட்டும் வகை வாங்கினால் அளப்பதற்காகக் கையை உள்ளே விடும் வேலையே இல்லை. ஆம்பை நிமிர்த்தி வைத்தபடியே இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளலாம். முதல்முறை செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு வழி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ரெசிஸ்டன்ஸை வைத்துக் கணக்குப் போடுவது. ஆம்ப் காலியாக இருக்கும்போது சென்டர் டேப்பிலிருந்து (அதன் சுற்றின் நடு இணைப்பிலிருந்து) ஒவ்வொரு பிளேட்டுக்கும் எத்தனை ஓம் என்று பார்த்து, பிறகு கரண்ட் போட்டு அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்த்து வகுப்பது. இரண்டு பாதியும் சம ஓம் காட்டாது. வெளிச்சுற்று நீளம் என்பதால் அது அதிகம் காட்டும், அது கோளாறு இல்லை. இந்த முறையில் கிடைப்பது சுத்தமான பிளேட் கரண்ட் என்பது நல்லது. ஆனால் மீட்டரின் இரண்டு லீடுமே 420 வோல்ட்டில் மிதக்கின்றன. பழகியவர்களுக்கு சரி. மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து டிரான்ஸ்ஃபார்மரின் பாதிச் சுற்றுக்குக் குறுக்கே வைக்கிற பழைய ஷன்ட் முறையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ப்ரோப் கொஞ்சம் வழுக்கிச் சேஸியில் பட்டால் முழு ஹை வோல்டேஜும் மீட்டர் வழியாக எர்த்துக்குப் போகும்.

உங்கள் விஷயத்தில் பயஸ் அளப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டில் ஒரு டியூப் மட்டும் சிவக்கிறது என்றால் டியூப் கோளாறாகவும் இருக்கலாம், சாக்கெட் பக்கமும் இருக்கலாம். அதனால் இரண்டு 6வி6ஐயும் கழற்றிவிடுங்கள். ஆம்ப் காலியான நிலையில் ஒரு லீடைச் சேஸியிலும் மற்றொன்றை ஒரு சாக்கெட்டின் 5ஆம் பின்னிலும் கிளிப் போடுங்கள். 5ஆம் பின்தான் கண்ட்ரோல் கிரிட். பக்கத்துப் பின்களில் கிளிப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 3ஆம் பின் பிளேட், 4ஆம் பின் ஸ்க்ரீன், இரண்டிலும் ஹை வோல்டேஜ் வரும். கையை எடுத்துவிட்டு கரண்ட் போடுங்கள். மைனஸ் 30 முதல் மைனஸ் 40 வரை ஏதோ ஒன்று காட்டும். எழுதிக்கொண்டு, அணைத்து, காலி செய்து, அடுத்த சாக்கெட்டுக்கு மாற்றி அதையும் பாருங்கள்.

இரண்டும் ஒரே எண் என்றால் சாக்கெட் பக்கம் நலம், டியூபைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மைனஸ் 35, மற்றது மைனஸ் 20 என்று வந்தால் அந்தப் பக்கத்து கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது. முந்தைய டியூபின் பாசிட்டிவ் வோல்டேஜ் கிரிட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒன்றில் எதுவுமே வரவில்லை என்றால் கிரிட் ரெசிஸ்டர் திறந்திருக்கிறது அல்லது சால்டர் விட்டுப்போயிருக்கிறது. இந்த நிலையில் எத்தனை புது டியூப் போட்டாலும் எல்லாம் சிவக்கத்தான் செய்யும். பயஸ் திருகைத் திருப்பி இதை மறைக்கப் பார்க்காதீர்கள். இரண்டிலுமே எண் குறைவாக இருந்தால் பயஸ் சப்ளையின் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைப் பாருங்கள். பழைய ஆம்ப்களில் அது உலர்ந்துபோவது சகஜம். சில ரூபாய் விலையுள்ள அந்தச் சாமான்தான் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய டியூபுகளைக் காக்கிறது.

கிரிட் பக்கம் சரி என்றானபின், டியூபுகள் வெளியே இருக்கும்போதே திருகைத் திருப்பி, எந்தப் பக்கம் போனால் நெகட்டிவ் கூடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிக நெகட்டிவ் முனையில் நிறுத்திவிட்டு அணையுங்கள். புது டியூப் எப்போதும் குளிர்ந்த முனையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது டியூபுகளை மாட்டுங்கள். ஸ்பீக்கர் இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பதிலாக 8 ஓம் டம்மி லோட் ரெசிஸ்டர். லோட் இல்லாமல் டியூப் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. வால்யூம், ரிவர்ப் எல்லாம் பூஜ்யம், கிதார் கேபிள் எதுவும் வேண்டாம். வைப்ராட்டோவை அணைத்துவிடுங்கள். உங்கள் ஆம்பில் அது ஒளி இணைப்பில் இயங்குவதால் பயஸைத் தொடாது, ஆனால் பிரின்ஸ்டன் ரிவர்ப் போன்றவற்றில் அது பயஸையே ஆட்டித்தான் வேலை செய்கிறது. அணைக்காவிட்டால் எண் அலைந்துகொண்டே இருக்கும்.

ஒரு மீட்டரின் லீட் 3ஆம் பின்னிலும் சேஸியிலும் கிளிப். இன்னொன்று 1 ஓம் ரெசிஸ்டரின் மேல். எல்லாம் காலியான நிலையில் மாட்டியது. கரண்ட் போட்டு, கொஞ்சம் பொறுத்து ஸ்டாண்ட்பையை விலக்கி, டியூபுகளைக் கண்ணால் பாருங்கள், மீட்டரை அல்ல. சிவப்பு தெரிந்தால் உடனே அணையுங்கள். தெரியவில்லையென்றால் 15, 20 நிமிடம் சூடாக விடுங்கள். ஆரம்பத்து எண்ணுக்கு மதிப்பில்லை.

ஒரு உதாரணக் கணக்கு. சூடானபின் பிளேட் 424 வோல்ட், ஒரு டியூபில் 27.5 மில்லிவோல்ட், மற்றதில் 25.8 என்று வைத்துக்கொள்வோம். 1 ஓம் ரெசிஸ்டர் காட்டுவது கேத்தோடு கரண்ட்; அதில் ஸ்க்ரீனுக்குப் போகும் பங்கும் சேர்ந்திருக்கிறது. 6வி6 சும்மா இருக்கும்போது அதற்கு ஒன்றரை மில்லி ஆம்பியர் கழிக்கலாம். 26 மில்லி ஆம்பியரை 424ஆல் பெருக்கினால் 11 வாட். மற்றது 10.3 வாட். 12 வாட் டியூபுக்கு இது 92 சதவீதம், மிக அதிகம். திருகை மெல்ல நெகட்டிவ் பக்கம் திருப்புகிறீர்கள், 22.4, 20.9 என்று இறங்குகிறது. கரண்ட் குறைந்ததும் பிளேட் வோல்டேஜ் ஏறும், இப்போது 431. பழைய 424ஐ வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஸ்க்ரீன் பங்கு இப்போது 1.3 என்று கொண்டால் 9.1 வாட், 8.4 வாட்.

திருகைத் திருப்பும்போது மட்டும் கை உள்ளே போகிறது. தண்டு முழுக்க ஸ்லீவ் போட்ட மெல்லிய ஸ்க்ரூடிரைவர், ஒரு கை, மறுகை பாக்கெட்டில். எண் நகர்ந்ததும் கையை வெளியே எடுத்துவிட்டு ஓரிரு நிமிடம் பொறுத்துப் படியுங்கள்.

இந்த 8.4உம் 9.1உம் சரியா? 70 சதவீதக் கேள்வி இங்கேதான் வருகிறது. 6வி6ஜிடியின் பிளேட் தாங்கும் அளவு பழைய புத்தகங்களில் 12 வாட், பிந்தைய அளவுமுறைப்படி 14 வாட். 12இல் 70 சதவீதம் 8.4, 14இல் 70 சதவீதம் 9.8. உங்கள் டியூபைச் செய்தவர்கள் எதைக் குறிப்பிட்டிருக்கிறார்களோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் 12. 14 என்றால் இரண்டும் அளவுக்குள்தான்; 12 என்றால் 9.1 இன்னும் அதிகம், மேலும் இறக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1963ஆம் ஆண்டின் ஏபி763 சர்க்யூட் வரைபடத்திலேயே ஃபெண்டர் இந்த ஆம்பின் பிளேட்டுக்கு 415 வோல்ட் என்று போட்டிருந்தார்கள். 6வி6இன் பழைய டேட்டா ஷீட் அனுமதித்த 315 வோல்ட்டைவிட இது ஏகத்துக்கும் அதிகம். டியூபை ஏற்கெனவே எல்லை தாண்டி ஓட்டும் ஆம்ப் இது. அதனால் இதில் சூடான பக்கம் போவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

70 சதவீதம் என்பது உச்சவரம்பு. அங்கே போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கிதாரை வாசிக்கும்போது கரண்ட் இன்னும் ஏறும், அந்த ஏற்றத்துக்கு இடம் விடுவதற்காகச் சொன்ன அளவு அது. 50க்கும் 70க்கும் நடுவில் எங்கே வைத்தாலும் ஆம்ப் நன்றாக ஓடும். ரொம்பக் குளிராக வைத்தால் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் வரும். மெதுவாக வாசித்து ஓசை அடங்கும்போது நுனியில் ஒரு கரகரப்பு, அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அது போகும் அளவுக்கு மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். நான் இந்த வகை ஆம்பில் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் விடுவேன். 60க்கும் 70க்கும் காதில் தெரியும் வித்தியாசம் ஸ்பீக்கரை அரை அடி தள்ளி வைத்தால் தெரியும் வித்தியாசத்தைவிடக் குறைவு. டியூபின் ஆயுளில் தெரியும் வித்தியாசம் அதைவிடப் பெரிது.

இரண்டு டியூபுக்கும் நடுவில் 2, 3 மில்லி ஆம்பியர் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். 6, 7 என்று போனால் ஹம் கூடும். ஜோடி சரியாகப் பொருந்தவில்லை, கடையில் மாற்றிக் கேளுங்கள். கணக்கை எப்போதும் அதிகம் இழுக்கும் டியூபை வைத்தே போடுங்கள்.

அளவு எடுக்கும் அன்று லைன் வோல்டேஜ் என்ன என்பதையும் பாருங்கள். நம் ஊரில் ஒரே நாளில் 215க்கும் 245க்கும் நடுவில் ஆடுவது புதிதல்ல. ஸ்டெப் டவுன் பெட்டியும் 110 என்று எழுதி 120 கொடுக்கும், அல்லது மாற்றிக் கொடுக்கும். 2ஆம், 7ஆம் பின்களுக்கு நடுவில் ஹீட்டர் வோல்டேஜை ஏசியில் பாருங்கள். 6.3க்குப் பக்கத்தில் இருந்தால் ஆம்புக்குச் சரியான வோல்டேஜ் போகிறது. 6.9ஐத் தொட்டால் பயஸைவிட முதலில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை மாற்றுங்கள். இரவில் வோல்டேஜ் ஏறும் பகுதியில் இருந்தால் ஏறிய நேரத்தில் பயஸ் வையுங்கள். பகலில் கொஞ்சம் குளிராக ஓடும், அதனால் நஷ்டமில்லை.

வேறு ஆம்ப்களில் இதே எண்களைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். 6எல்6ஜிசி 30 வாட், இஎல்34 25 வாட். 460 வோல்ட்டில் 70 சதவீதம் என்றால் முறையே 45, 38 மில்லி ஆம்பியர் பக்கம் வரும். இஎல்34இன் ஸ்க்ரீன் பங்கு அதிகம் என்பதால் கழிக்க வேண்டியதும் அதிகம். ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸில் டிபி30 என்ற டெஸ்ட் பாயின்டில் 60 மில்லிவோல்ட் வைக்கச் சொல்கிறார்கள். அது இரண்டு டியூபும் சேர்ந்த எண், ஒவ்வொன்றுக்கும் 30. தனி டியூபுக்கு 60 என்று நினைத்து ஏற்றிவிடக் கூடாது. 60களின் கடைசியில் வந்த சில்வர்ஃபேஸ் ஃபெண்டர்கள் சிலவற்றில் இருக்கும் திருகு இரண்டு பக்கத்தையும் சமப்படுத்த மட்டும்தான், மொத்த அளவை அது மாற்றாது. மெசா பூகியின் பல ஆம்ப்களில் திருகே இல்லை; நிறக்குறி போட்ட அவர்களது டியூபையே வாங்கிப் போட வேண்டும். 6வி6க்குப் பதில் 6எல்6 போட்டால் சத்தம் கூடுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 6வி6இன் ஹீட்டர் 0.45 ஆம்பியர் இழுக்கிறது, 6எல்6 0.9 இழுக்கும். உங்கள் பவர் டிரான்ஸ்ஃபார்மரை அந்தச் சோதனைக்கு ஆளாக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் அணைத்து, காலி செய்து, கிளிப்புகளைக் கழற்றுங்கள். மில்லிவோல்ட் மீட்டரை நிரந்தரமாக மாட்டி வைத்து வாசிக்க வேண்டாம். டியூப் உள்ளே ஷார்ட் ஆகி 1 ஓம் ரெசிஸ்டர் எரிந்து திறந்துகொண்டால் அந்த மில்லிவோல்ட் புள்ளியிலேயே ஹை வோல்டேஜ் வந்து நிற்கும். பிளேட் வோல்டேஜ், இரண்டு மில்லிவோல்ட், கிரிட் வோல்டேஜ், தேதி, லைன் வோல்டேஜ் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி கேபினெட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். புது டியூபுகள் முதல் சில நாள் வாசிப்பில் கொஞ்சம் நகரும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை அளந்து அந்தச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் அடுத்த டியூப் மாற்றும்வரை சேஸியைத் திறக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் ஏறிக்கொண்டே போனால் அந்த டியூபைக் கழற்றி மற்ற சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். ஏற்றம் டியூபோடு போனால் டியூபைத் திருப்பிக் கொடுங்கள். சாக்கெட்டிலேயே நின்றால் மறுபடி 5ஆம் பின்னிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.